தள்ளி நின்று பார்ப்போம்: காட்டுயிர்களைக் காணும் கல்விச் சுற்றுலா

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே பள்ளிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். எந்த ஊர், எத்தனை பேருந்து, தலைக்கு எவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு எங்கே இறங்குவது என்று ஆசிரியர் அறையில் கணக்குப் போடுவோம். எங்கள் ஜோலார்பேட்டைப் பகுதியில் பெற்றோர் பலர் ஆம்பூர், வாணியம்பாடி தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். ஒரு நாள் கூலியைப் பிள்ளையின் சுற்றுலாவுக்கு என எடுத்து வைப்பது அவர்களுக்கு எளிதன்று. அந்தப் பணத்துக்குப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது என்பதும் நம் கணக்கில் சேர வேண்டும்.

சுற்றுலாப் பட்டியலில் பறவைகள் சரணாலயமோ, உயிரியல் பூங்காவோ, மலைப்பகுதியோ எப்படியும் இடம்பெறும். உயிருள்ள ஒரு கூழைக்கடாவை நேரில் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் அனுபவத்தைப் பாடநூலின் படம் தந்துவிடாது. ஆகவே அழைத்துச் செல்லத்தான் வேண்டும். ஆனால் ஐம்பது பிள்ளைகள் போய் நின்ற பிறகு அந்தப் பறவைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. காட்டுயிர்ச் சுற்றுலாவில் பொறுப்புடன் நடந்துகொள்வது பற்றி உலகெங்கும் இன்று பேசப்படுவது இந்தக் கேள்வியைத்தான். அதன் அடிப்படை விதி மிக எளியது: நாம் வந்ததால் ஓர் உயிர் தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தும்படி ஆகக் கூடாது. இந்த விதியை வகுப்பறைக்கும் சுற்றுலாவுக்கும் எப்படிக் கொண்டுவரலாம் என்பதே இக்கட்டுரை.

பார்ப்பதால் பாதிப்பு வருமா?

"நாங்கள் எதையும் தொடவில்லை, பார்க்கத்தானே செய்தோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை உயிரியலில் இருக்கிறது.

ஒரு விலங்கை நெருங்கும்போது அது உடனே ஓடிவிடுவதில்லை. முதலில் மேய்வதையோ இரை தேடுவதையோ நிறுத்தித் தலையை நிமிர்த்தும். அடுத்து நம்மையே பார்க்கும், இடம் மாறத் தயாராகும். அதன் பிறகுதான் விலகும் அல்லது பறக்கும். அது ஓடிய பிறகே நாம் தொந்தரவு செய்ததாக நினைக்கிறோம். உண்மையில் அது தலையை நிமிர்த்தியபோதே தொந்தரவு தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அதன் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, உணவுக்கான நேரம் வீணாகிறது. ஒருமுறை என்றால் பெரிய இழப்பில்லை. விடுமுறை நாளில் இருபது பேருந்துகள் வந்தால் இருபது முறை அது நிகழும்.

கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்கு இழப்பு இன்னும் அதிகம். நாரைகளும் கூழைக்கடாக்களும் ஒரே மரத்தில் பல கூடுகள் கட்டிக் கூட்டமாக இனப்பெருக்கம் செய்பவை. பெரிய சத்தம் கேட்டால் தாய்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பும். மூடுவாரில்லாத முட்டைகள் வெயிலில் சூடேறும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும். இறகு முளைக்காத குஞ்சுகளுக்குத் தாய் தன் சிறகை விரித்து நிழல் தரும். அந்த நிழல் சிறிது நேரம் இல்லாமல் போனாலும் அவை துவண்டுவிடும். பதறும் குஞ்சுகள் கூட்டிலிருந்து தவறி விழுவதும் உண்டு. கரையில் நின்று கைதட்டி, "பறக்குது பாரு" என்று பிள்ளைகள் மகிழும் காட்சி பறவைக்கு இப்படித்தான் முடிகிறது.

கொடைமடமும் குரங்கும்

எங்களுக்கு மிக அருகில் உள்ள மலை ஏலகிரி. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் அவர்களுள் ஒருவர். மயிலுக்குப் போர்வை தேவையா, அதை அது போர்த்திக்கொள்ளுமா என்று எண்ணிப் பாராமல் இரக்கத்தால் மட்டும் கொடுத்த அச்செயலைத் தமிழ் மரபு 'கொடைமடம்' என்று குறிக்கிறது. கொடையில் அறியாமை என்பது பொருள்.

அதே பாதையில் பயணிகள் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குச் சிப்ஸ், பிஸ்கட், வாழைப்பழம் போடுகிறார்கள். இதுவும் கொடைமடம்தான். தலைமுடியை நடுவகிடு எடுத்துச் சீவியது போலத் தோற்றம் கொண்ட இந்த நாட்டுக்குரங்கு, தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே இயல்பாக வாழும் இனம். காட்டில் பழம், இலை, பூச்சி என்று தேடித் தின்னும். பழங்களைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் விதையைத் துப்பும். இப்படி மரங்களைப் பரப்பும் வேலையைக் காட்டுக்காகச் செய்துவருகிறது.

சாலையில் உணவு கிடைத்தால் அது காட்டுக்குள் போகாது. சாலையோரமே தங்கும், வண்டியில் அடிபடும், பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துத் தின்னும். உணவு தராதவரின் பையைப் பிடுங்கும், சிறு பிள்ளைகளைக் கடிக்கவும் செய்யும். குரங்கு கடித்தால் ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்ல வேண்டியிருக்கும். கடைசியில் "குரங்குத் தொல்லை" என்று புகார் எழுந்து, அதே குரங்குகள் கூண்டு வைத்துப் பிடிக்கப்படும். முதல் பிஸ்கட்டைப் போட்டவர் அப்போது ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

எட்டாம் வகுப்புத் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடவேளையில் பேகனையும் நாட்டுக்குரங்கையும் பேசலாம். இரக்கம் வேண்டும், அதோடு அந்த உயிருக்கு எது தேவை என்ற அறிவும் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

பொறுப்பான காட்டுயிர்ச் சுற்றுலா மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சிந்தனை என்று நினைக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் அது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஏரியில் தங்கும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்று 1798 வாக்கில் ஆவணம் வழங்கினார். 1936-ல் அரசு இதைப் பறவைப் புகலிடமாக ஏற்றது. 1998-ல் முறைப்படி காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஊர்மக்கள் ஏன் காத்தார்கள்? அன்பு மட்டும் காரணமன்று. பறவைகளின் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. அந்த எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது. பறவை இருந்தால் ஊருக்கு விளைச்சல், ஊர் காத்தால் பறவைக்கு அமைதி. இரு பக்கமும் பயன் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ உரம், நைட்ரஜன் சுழற்சி நடத்தும்போது வேடந்தாங்கல் நல்ல எடுத்துக்காட்டு.

அங்கே பார்வையாளர்கள் ஏரிக்கரையில் அமைந்த பாதையில் நடந்தும், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறியும் பார்க்கிறார்கள். கூடுகள் உள்ள மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. நமக்கும் கூட்டுக்கும் இடையில் தண்ணீர் இருப்பதால் தூரம் தானாகவே காக்கப்படுகிறது. நாம் கூடுதலாகக் காக்க வேண்டியது அமைதியை மட்டுமே.

இங்கே ஒரு திருத்தமும் தேவை. "வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன" என்று பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் உண்டு. கூடு கட்டுபவை பெரும்பாலும் நம் நாட்டிலேயே நீர் இருக்கும் இடம் தேடி நகரும் பறவைகள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா ஆகியவை இவ்வகை. வட நாடுகளிலிருந்து குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே இரை தேடி ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பும், கூடு கட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போகும் பிள்ளை, கூட்டில் இருக்கும் பறவை எது, நீரில் மிதக்கும் பறவை எது என்று தானே தேடத் தொடங்கும்.

வேடந்தாங்கல் தனி ஊர் அன்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் ஊர்மக்கள் பறவைகளைத் தங்கள் ஊரின் விருந்தாளிகளாகவே பார்க்கிறார்கள். தன் வயதுப் பிள்ளைகள் தீபாவளி அன்று மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்ற செய்தி நம் வகுப்புப் பிள்ளையை வெகுவாகத் தொடும்.

உலகம் எப்படிச் செய்கிறது?

வேடந்தாங்கலில் கண்ட தூரம், அமைதி, ஊருக்குப் பயன் ஆகிய மூன்றையும் மனத்தில் கொண்டு வேறு இடங்களைப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை. பார்க்கும் நேரம் ஒரு மணி மட்டுமே. மனிதருக்கு வரும் சளி, காய்ச்சல் கொரில்லாவுக்குத் தொற்றி உயிரைப் பறிக்கும் என்பதால், குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. கொரோனாவுக்குப் பின் விதிகள் இன்னும் கடுமையாயின. உடல்நலம் சரியில்லாதவர் பணம் கட்டியிருந்தாலும் போக முடியாது. 2017 முதல் அனுமதிக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். பூங்கா வருமானத்தில் 10 விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி, சாலை, மருத்துவமனை போன்ற பணிகளுக்குப் போகிறது. 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலைத்தொடரில் சுமார் 250 கொரில்லாக்களே இருந்தன. இன்று உலகில் உள்ள மலைக் கொரில்லாக்களின் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியுள்ளது. 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை "மிகவும் ஆபத்தான நிலை" என்பதிலிருந்து "ஆபத்தான நிலை" என்று ஒரு படி இறக்கியது. வேட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவம், சுற்றுலா வருமானம் மூன்றும் சேர்ந்து கிடைத்த பலன் இது.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காப் பகுதியில் நடக்க முடியாது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், ஃபிளாஷ் போடக் கூடாது. டார்வினின் பெயரோடு நாம் நடத்தும் அதே தீவுகள்தான்.

நமக்கு அருகில் தேக்கடி இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் முன்பு திருட்டுத்தனமாகக் காட்டு மரப்பட்டை உரித்தவர்கள் 1990-களின் இறுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டப்பட்டார்கள். அன்று வனத்துறையிடமிருந்து ஒளிந்து நடந்த பாதையில் இன்று பயணிகளுக்கு வழிகாட்டி நடக்கிறார்கள், காட்டையும் காக்கிறார்கள். காட்டைப் பற்றிய அவர்களின் அறிவே அவர்களுக்குச் சம்பளம் ஆயிற்று.

மறுபக்கமும் உண்டு. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் ஒரு சிறுத்தை தென்பட்டால் பல ஜீப்புகள் அதைச் சூழ்ந்துகொள்ளும் நெரிசல் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். அந்நாட்டின் மிரிஸ்ஸ கடற்கரையில் நீலத் திமிங்கிலத்தைப் படகுகள் விரட்டிச் செல்வதும் அப்படியே. உலகின் மிகப் பெரிய விலங்குக்கும் மூச்சு விட மேலே வந்தால் நிம்மதி இல்லை.

இந்தியாவில் புலிகள் காப்பகங்களில் சுற்றுலா எல்லை மீறுவதாக எழுந்த வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் அவற்றின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்குச் சில மாதங்கள் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது, விலங்குகளிடமிருந்து 20 மீட்டர் தூரம் காக்க வேண்டும், உணவு காட்டி அழைக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. நீலகிரி சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை மறித்த தங்கும் விடுதிகள் குறித்த வழக்கில், வழித்தடத்தைக் காக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காட்டைப் பார்க்க வருவோர் தங்கும் அறையே யானையின் பாதையை அடைத்தால் அது காட்டுயிர்ச் சுற்றுலா ஆகாது.

சென்னைக் கடற்கரையில் நடப்பது பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற எடுத்துக்காட்டு. ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் சனவரி முதல் அங்கே கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகளோ அதற்கு மேலோ இருக்கும். மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறது. பொதுமக்களும் உடன் நடக்கலாம். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி நகர்பவை. அதனால் டார்ச் அடிக்கவோ ஃபிளாஷ் போடவோ கூடாது. விடிய விடிய நடந்தும் ஓர் ஆமையைக்கூடப் பார்க்காமல் திரும்பும் இரவுகள் உண்டு. கட்டாயம் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணமே விலங்குக்கு ஆபத்து என்பதை அந்த நடை சொல்லிக்கொடுக்கிறது.

எந்த இடத்துக்குப் போவது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, விலங்குகளைக் காட்டும் சுற்றுலா இடங்களைப் பல வகைகளாகப் பிரித்து ஆராய்ந்தது. விலங்குகள் துன்பப்படும் இடங்களைப் பற்றியும் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல கருத்தே எழுதியிருந்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய இடம் பள்ளிதான். சுற்றுலா இடத்தைத் தேர்வு செய்யும்போது பின்வரும் கேள்விகளை ஆசிரியர்கள் கேட்கலாம்.

• விலங்கு தன் இயல்பான இடத்தில், இயல்பான வேலையைச் செய்கிறதா? அல்லது நமக்காக ஆடுகிறதா, வணங்குகிறதா, படத்துக்கு நிற்கிறதா?
• தொடுதல், தூக்குதல், சவாரி, உணவு ஊட்டுதல் ஆகியவற்றைக் காசுக்கு விற்கிறார்களா?
• விலங்கு நம்மிடமிருந்து விலகிப் போக நினைத்தால் அதற்கு வழி இருக்கிறதா?
• நாம் கொடுக்கும் பணத்தில் உள்ளூர் மக்களுக்கும் பாதுகாப்புப் பணிக்கும் பங்கு உண்டா?
• எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற விதிகள் உண்டா? அவற்றை யாராவது நடைமுறைப்படுத்துகிறார்களா?

சட்டமும் இங்கே துணை நிற்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கூண்டில் அடைத்த பச்சைக் கிளியை வைத்துச் சோதிடம் பார்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானதே. வழியில் இவற்றைப் பார்த்தால், அந்தத் தொழிலாளியைப் பிள்ளைகள் முன் கடிந்து பேசாமல், வகுப்புக்குத் திரும்பியதும் பேசுவதே நல்லது.

புறப்படும் முன்

பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நாள் பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி ஆகியவை வழக்கம்போல. அவற்றோடு இவையும் சேரட்டும்.

ஒரு வாரம் முன்பே பத்துப் பறவைகளின் படங்களை வகுப்பறையில் ஒட்டிப் பெயர்களைப் பழக்குங்கள். பெயர் தெரிந்த பிள்ளை கத்துவதில்லை, அருகில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லும். பெயர் தெரியாதபோதுதான் "டேய், அங்க பாருடா" என்ற கூச்சல் வருகிறது.

மாணவர்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரையும் ஒரு மாணவத் தலைவரையும் அமர்த்துங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் குவியாமல், பத்து நிமிட இடைவெளியில் கரையில் நடக்கட்டும். கையசைவில் மூன்று சைகைகளை முன்பே பழக்கலாம்: நில், உட்கார், பார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே அமைந்துவிடும்.

பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்க்கச் சொல்லலாம். புது ஆடை வாங்கச் சொல்லிவிடக் கூடாது, பள்ளிச் சீருடையே போதும். உணவைப் பாத்திரத்தில் கொண்டுவரச் சொன்னால் குப்பை குறையும். வெயில் ஏறும் முன் போய்ச் சேருவது நல்லது, காலையிலும் மாலையிலும்தான் பறவைகளின் நடமாட்டம் அதிகம்.

அங்கே நிற்கும்போது

முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல், படம் எடுக்காமல் பார்க்கட்டும். அதன் பின் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதட்டும்: எந்தப் பறவை, என்ன செய்கிறது, நம்மைக் கவனித்ததா? மூன்றாவது கேள்விதான் இந்தப் பயணத்தின் உயிர். பறவை தலையை நிமிர்த்தி நம்மையே பார்த்தால் இரண்டடி பின்னால் போக வேண்டும் என்பதைக் குழுவின் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களின் கைபேசிகளுக்கும் விதி உண்டு. ஃபிளாஷ் வேண்டாம். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் பகிரவும் வேண்டாம். உதிர்ந்த இறகையோ முட்டை ஓட்டையோ பையில் எடுத்து வரவும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு

"சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதுக" என்பதோடு நின்றுவிடாமல் குறிப்பேடுகளை வகுப்புக்குக் கொண்டுவரலாம். எத்தனை பறவைகள் இரை தேடின, எத்தனை கூட்டில் இருந்தன, எத்தனை நம்மைக் கண்டு நகர்ந்தன என்று அட்டவணையிட்டால் கணக்கு வகுப்புக்குப் பட்டை வரைபடம் கிடைக்கும். ஏரியைக் காக்கும் ஊராருக்கு நன்றிக் கடிதம் எழுதினால் மொழிப்பாடத்துக்குக் கடிதப் பயிற்சி கிடைக்கும். சமூக அறிவியலில் "ஊருக்கு என்ன பயன்?" என்ற விவாதத்தை வைக்கலாம்.

பேருந்தே வேண்டாத சுற்றுலா

சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களும் காட்டுயிரைப் பார்க்க வேண்டும். ஊர் ஏரி, ரயில் பாதையோரப் புதர், பள்ளி வளாகத்து வேப்பமரம் போதும். தமிழகத்தில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாள்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். சுற்றுச்சூழல் மன்றமும் தேசியப் பசுமைப் படையும் உள்ள பள்ளிகள் இதில் எளிதாக இணையலாம்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை செய்யத்தக்க ஒரு செயல்பாடு: ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் அமைதியாக உட்கார்ந்து, நீரோரம் நிற்கும் ஒரு கொக்கைக் கவனிக்க வேண்டும். கரையில் சைக்கிளோ, ஆடு மேய்ப்பவரோ, நாயோ கடக்கும்போது அது எப்போது தலை நிமிர்கிறது, எப்போது பறக்கிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்று எழுத வேண்டும். தூரத்தைக் குத்துமதிப்பாகக் குறித்து, பத்துப் பதிவுகளின் சராசரியைக் காணலாம். கொக்கை விரட்டி அளக்கக் கூடாது. நாம் அசையாமல் இருப்பதே இதில் ஆய்வு முறை. ஆட்டு மந்தைக்கு அஞ்சாத கொக்கு மனிதருக்கு அஞ்சுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால், ஏன் என்ற கேள்வி தானே பிறக்கும்.

விலங்கு நம்மைத் தேடி வந்தால்

நாம் காட்டுக்குப் போகும்போது கற்ற ஒழுக்கம், காட்டு விலங்கு நம் ஊருக்குள் வரும்போது உயிர் காக்கும். எங்கள் மாவட்டம் இதை நேரில் அறிந்தது. 2024 சூன் 14 அன்று திருப்பத்தூரில் ஆட்சியர் அலுவலகத்தை அடுத்த பகுதியில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை நுழைந்தது. மாணவர்கள் வகுப்பறைகளுக்குள் பாதுகாப்பாக வைக்கப்பட்டார்கள். மறுநாள் அதிகாலையில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திச் சிறுத்தையைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் இரண்டு காட்டு யானைகள் மாவட்டத்துக்குள் சுற்றியதும், கும்கிகளின் துணையோடு அவை பிடிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

இத்தகைய நேரங்களில் விலங்கைவிட அதிகச் சிக்கல் தருவது வேடிக்கை பார்க்கும் கூட்டம். கூட்டம் சூழ்ந்தால் விலங்குக்குத் திரும்பிப் போகும் வழி அடைபடுகிறது. வழி அடைபட்ட விலங்குதான் தாக்குகிறது. பக்கத்தில் போய்த் தன்படம் எடுக்க முயன்று உயிரிழந்தவர்கள் உண்டு. தலை நிமிர்ந்தால் பின்வாங்கு, விலகிப் போக வழி விடு, கத்தாதே என்று ஏரிக்கரையில் கொக்கிடம் பழகிய பிள்ளை, யானை வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும். கைபேசியோடு ஓடும் அண்ணனையும் தடுத்து நிறுத்தும்.

ருவாண்டாவுக்கோ கலாபகஸுக்கோ நம் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நம்மால் முடியாது. அங்கே பின்பற்றும் ஒழுக்கத்தை வேடந்தாங்கல் கரையிலும் ஏலகிரி வளைவிலும் பள்ளி வேப்பமரத்தடியிலும் பழக்கிவிட நம்மால் முடியும். இந்த ஆண்டு சுற்றுலாத் திட்டத்தை எழுதும்போது, பேருந்துக் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "நாம் போய் வந்த பிறகு அந்தப் பறவை கூட்டிலேயே இருக்க வேண்டும்."